சங்குக்கு முன்னால்

கார்வின்
14 ஏப்ரல் 1996

அன்புள்ள ஐரிஸ் அக்காவுக்கு,

நோரீன் எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இன்னும் நான் சொன்னபடி கேட்கிறது. உனக்கும் கிளாரி அத்தானுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? அத்தானுக்கு மூச்சு வாங்குகிறது என்று போன கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டு எலுமிச்சை மரத்துக்குப் போய்விட்டாய். எனக்கு எலுமிச்சை வேண்டாம். மூச்சைப் பற்றி எழுது.

இங்கே மழை இல்லை. கோதுமை விதைக்க எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் பந்தாட்டம் தொடங்கிவிட்டது. நேற்று எர்னுடைய பழைய பிக்கப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். எர்ன் என்னை விதவையாக்கிவிட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது, வண்டி இன்னும் முதல் சாவியிலேயே கிளம்புகிறது. வடக்கு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வேலியோரம் எங்கள் இடம் காலியாகவே இருந்தது. நான் போகாத வாரத்திலும் அங்கே யாரும் நிறுத்துவதில்லையாம். ‘ராஸ் அம்மா இடம்’ என்கிறார்கள். கோல் விழுந்து நடுவர் கொடி ஆட்டியதும் சுற்றி நிற்கிற அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்கும். நான் மட்டும் அடிப்பதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது துக்கம் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

ஒரு சேதி. லீக் விதியை மாற்றப் போகிறதாம். இறுதி ஆட்டம் சமமாக முடிந்தால் இனி அடுத்த சனிக்கிழமை மறு ஆட்டம் கிடையாது. அங்கேயே, அப்போதே, பக்கம் மாறி ஐந்தைந்து நிமிஷம் கூடுதலாக ஆடி முடித்துவிட வேண்டும். டீ அறையில் ஒரே சண்டை.

“சமம்னா சமந்தான்யா. வீட்டுக்குப் போ, காயத்துக்கு மருந்து போடு, அடுத்த சனிக்கிழமை வா. அதுதான் ஆட்டம்” என்றார் கிளப் தலைவர் மெர்வ் ஹைன்ரிக்.

“அடுத்த சனிக்கிழமை பாதிப் பேரு ஆட்டு மயிர் வெட்டப் போயிருப்பான். யார வெச்சு ஆடுவே, உன் மாமியாரையா?” என்றான் கராஜ் கூப்பர்.

“எங்க மாமியா உன்னவிட நேரா உதைப்பா.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம்தான் நான் தட்டோடு நிற்பதைப் பார்த்தார்கள். கூப்பர் தொப்பியைக் கழற்றினான். 84-ல் இறுதி ஆட்டம் சமமாக முடிந்து, மறு ஆட்டத்துக்குக் காத்திருந்த வாரத்தில், வியாழக்கிழமை பயிற்சிக்குப் போகிற வழியில்தானே என் பிள்ளை ராஸ் கங்காருவுக்கு விலகப் போய்க் காரை மரத்தில் மோதிச் செத்தான். இதை நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு நிச்சயமாக வேண்டியதில்லை.

இன்று காலை மெர்வ் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆகஸ்ட் 23-ம் தேதி எட்டு கிளப்பும் நம் ஊர் மண்டபத்தில் கூடி ஓட்டுப் போடுகிறதாம். மறு ஆட்டம் இருக்க வேண்டும் என்று நான் எழுந்து பேச வேண்டுமாம். “நம்ம பசங்க அந்த மறு ஆட்டத்த ராஸுக்காக ஜெயிச்சாங்க நோரீனக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா லீக்காரன் வாயத் திறக்க மாட்டான்.” யோசிக்கிறேன் என்றேன்.

அத்தானைக் குளிரில் வெளியே விடாதே.

உன் தங்கை,
நோரீன்


ஜெரால்ட்டன்
3 மே 1996

அன்புத் தங்கை நோரீனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சோம்பல்படாதே.

மூச்சைப் பற்றிக் கேட்டாய். நுரையீரல் பாதி போய்விட்டது என்கிறார் டாக்டர். கோதுமைத் தூசியும் சிகரெட்டும் பங்கு போட்டுத் தின்றிருக்கின்றன. கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிறது. அதற்கு உன் அத்தான் ‘என் ரெண்டாம் பொண்டாட்டி’ என்று பேர் வைத்திருக்கிறார்.

விதி மாறுகிற கதையை வாசித்துக் காட்டினேன். சிரித்தார், இருமினார். “இப்பத்தான் அவனுங்களுக்குப் புத்தி வருதா?” என்றார். 

நோரீன், அவருக்கு ஒரே ஓர் ஆசை. சாவதற்குள் ஒரு தடவை அங்கே வந்து, வேலியோரம் வண்டியை நிறுத்தி ஓர் ஆட்டம் பார்க்க வேண்டுமாம். “போனா கல்லால அடிப்பாங்களாடி?” என்று கேட்கிறார். விளையாட்டாகக் கேட்பது மாதிரி கேட்கிறார். எனக்குத் தெரியாதா?

அதனால் உன்னை நேராகவே கேட்கிறேன். அந்த ஹாரனைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்களா?

பதிலை எதிர்பார்க்கும்,
ஐரிஸ்


கார்வின்
20 மே 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. அத்தானின் ரெண்டாம் பொண்டாட்டியை நான் விசாரித்ததாகச் சொல்.

மழை வந்தது, பன்னிரண்டு மில்லி. விதைக்கத் தொடங்கிவிட்டார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு கறி அடைத்த ‘பை’ பலகாரம் நாற்பது சுட்டுக்கொண்டு போனேன், அரை நேர இடைவேளையிலேயே தீர்ந்துபோனது. நமக்கு இதுவரை ஐந்தில் நான்கு வெற்றி.

மெர்வ் பேச்சை எழுதியே கொண்டு வந்து கொடுத்துவிட்டார். நான் பார்த்து வாசித்தால் போதுமாம். மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

ஒன்று சொன்னால் பைத்தியம் என்பாய். வியாழக்கிழமைகளில், வெயில் இறங்குகிற நேரத்துக்கு, கொட்டகைக்குள் நிற்கிற பிக்கப்பின் ஹாரன் கேட்கிறது. ஒரே ஒரு தடவை, நீளமாக. போய்ப் பார்க்கிறேன். வண்டியில் யாரும் இல்லை. என்ஜின் மூடியைத் தூக்கிப் பார்க்கிறேன். ஹாரனுக்குப் போகிற ஒயரை எர்ன் 84-லேயே பிடுங்கிவிட்டார், அது பிடுங்கியபடி தொங்குகிறது. சென்ற வியாழனும் கேட்டது.

அத்தானுக்கு என் அன்பு.

நோரீன்


ஜெரால்ட்டன்
9 ஜூன் 1996

நோரீனுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

மழை எத்தனை மில்லி என்று எழுதினாய், பை எத்தனை என்று எழுதினாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். நானும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன். இனித் தாண்ட எனக்கு நேரம் இல்லை.

என்ன சொன்னார்கள் உங்கள் ஊரில்? எதிர் அணி ஊரான யரண்டூக்காரன் கிளாரி, தன் ஊர் ஜெயிக்க வேண்டும் என்று, கடைசி நிமிஷத்தில் கோதுமை லாரியின் ஹாரனை அழுத்தினான். அது முடிவுச் சங்கு மாதிரியே கேட்டது. சொந்த மச்சினி மகன் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நின்றுவிட்டான். அதனால்தான் ஆட்டம் சமமாயிற்று, மறு ஆட்டம் வந்தது, பையன் அந்த ரோட்டில் போனான். இதுதானே? சவ அடக்கத்தில் எங்கள் பக்கத்துப் பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை. லாரிக் கதவில் தாரால் எழுதினார்கள். அறுவடைக்கு ஒரு கை உதவிக்கு வரவில்லை. இரண்டே வருஷத்தில் நிலத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு நாட்டின் இந்தக் கோடிக்கு வந்து விழுந்தோம்.

எர்னும் இவரும் ஏலத்தில் ஒரு பழைய லாரியிலிருந்து ஜோடி ஹாரன் வாங்கி ஆளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள், நினைவிருக்கிறதா? அந்தச் சங்குக் குரல் அந்த வட்டாரத்திலேயே இரண்டு வண்டிக்குத்தான் உண்டு. ஒன்றில் நீ உட்கார்ந்திருந்தாய், ராஸைப் பெற்றவள். ஆகவே மற்றதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

“நான் அடிக்கல ஐரிஸ்” என்று அந்தச் சனிக்கிழமை ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு யாரிடமும், எப்போதும், ஒரு வார்த்தை இல்லை.

கேட்டதற்கு எழுது.

ஐரிஸ்


கார்வின்
30 ஜூன் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. அத்தானுக்கு இரவில் தூக்கம் வருகிறதா?

பேசுகிறார்கள். இன்னும் பேசுகிறார்கள், அக்கா. கொடி ஆடுவதற்கு முன்னால் எவனாவது அவசரப்பட்டு ஹாரன் அடித்தால், “டேய், கிளாரி அடிக்காதடா” என்று கத்துகிறார்கள். 84-ல் பிறக்கவே பிறக்காத பிள்ளைகள் கத்துகிறார்கள். அது ஓர் ஆளின் பேர் என்றே அவர்களுக்குத் தெரியாது.

மெர்வ் எழுதிக்கொடுத்த பேச்சிலும் வருகிறது. பார்த்து எழுதுகிறேன்: ‘யரண்டூ ஹாரன் எங்களிடமிருந்து கோப்பையைத் திருடியது. மறு ஆட்டம் நீதியைத் திருப்பிக் கொடுத்தது. என் மகன் அந்த நீதிக்காகத்தான் அந்த வியாழக்கிழமை கிளம்பினான்.’ இதை என் வாயால் சொல்ல வேண்டும். மெர்வ் நல்லவர். எழுதும்போது அழுதாராம்.

என்னால் இதை வாசிக்க முடியாது.

ஒரு வாரம் என்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை முடிந்தது, அடுத்த சனிக்கிழமை எனக்கு வரவே இல்லை. கோப்பை வாங்கிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள், அது கூட யாருக்கோ நடந்தது மாதிரிதான். நான் இன்னும் நடுவில் அந்த வாரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

குளிர் அதிகம். கவனமாக இருங்கள்.

நோரீன்


ஜெரால்ட்டன்
21 ஜூலை 1996

நோரீன்,

கிளாரியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன், எட்டு நாள் ஆகிறது. பேசினால் மூச்சு முட்டுகிறது. நான் நலமா என்று கேட்காதே.

நீ அந்தப் பேச்சை வாசிக்க மாட்டாய் என்பது நல்லது. ஆனால் ஏன் என்று எழுதவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘எங்க அத்தான் அப்படிச் செய்யுற ஆள் இல்ல’ என்று அந்த டீ அறையில் நீ சொன்னதுண்டா? சொல்லியிருந்தால் எனக்கு எழுதியிருப்பாய். பைகளின் கணக்கையே எழுதுகிறவள் நீ.

ஐரிஸ்


கார்வின்
2 ஆகஸ்ட் 1996

அக்கா,

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டாரா? வந்திருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு இதைச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. நடந்தபடி எழுதுகிறேன்.

எர்ன் வேலியில் சாய்ந்து நின்றார். குளிர் என்று நான் வண்டிக்குள், ஓட்டுகிற இடத்தில் இருந்தேன். நாம் ஒரு புள்ளி பின்னால். நிமிஷம்கூட இல்லை. பந்து ராஸ் கைக்கு வந்தது. அவனுக்கும் கோலுக்கும் நடுவில் ஈ காக்கை இல்லை. நடுக் கம்பங்களுக்குள் போனால் ஆறு, ஓரமாகப் போனால் ஒன்று. அவன் என்னைப் பார்த்துத்தான் ஓடி வந்தான். கொடி ஆடுகிற வரைக்கும் ஹாரனைத் தொடக்கூடாது என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஜெயித்துவிட்டான் என்று என் கை போய்விட்டது, அக்கா.

நான்தான் அடித்தேன்.

அவன் சங்கு என்று நினைத்தான். தோற்றுவிட்டோம் என்று நினைத்தான். நின்றான், தலையைத் தொங்கப் போட்டான். நடுவர் “ஆடு, ஆடு” என்று கத்தினார். அதற்குள் யரண்டூ ஆட்கள் வந்து விழுந்துவிட்டார்கள். திரும்பி உதைத்தான், ஓரமாகப் போனது. சமம். பிறகுதான் நிஜச் சங்கு ஊதியது.

“எவன்டா அடிச்சது?” என்று மைதானமே கத்தியபோது நான் வாயைத் திறக்கவில்லை. யாரோ “கிளாரி லாரிதான்” என்றார்கள். அடுத்த சனிக்கிழமை ஜெயித்ததும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். வியாழக்கிழமை வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்த அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் எர்ன் பேசாமல் வண்டியின் மூடியைத் தூக்கி அந்த ஒயரைப் பிடுங்கினார். சாகிற வரைக்கும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ராஸ் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, “யாரும்மா அது? யாரு அடிச்சிருப்பா?” என்று நான்கு நாளும் கேட்டான். யாரோ, விடு, சாப்பிடு என்றேன். அவன் என்னிடம் கடைசியாகக் கேட்டதும் அதுதான். பயிற்சிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்டான்.

இதை அத்தானுக்கு வாசித்துக் காட்டு. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

நோரீன்


கார்வின்
25 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதவில்லை. எழுதுவாய் என்று நான் காத்திருக்கவும் கூடாது. அத்தான் இருக்கிறாரா என்று மட்டும் ஒரு வரி போடு.

வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்தது. மண்டபத்தில் நிற்க இடம் இல்லை. யரண்டூக்காரர்களும் வந்து பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். மெர்வ் என் பேரைச் சொன்னதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள், அக்கா. எனக்காக எழுந்து நின்றார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

பேச்சுத் தாளை மடித்து மேஜையில் வைத்தேன். “அந்த ஹாரன அடிச்சது கிளாரி இல்ல. நான்தான்” என்றேன். “என் கை சும்மா இருந்திருந்தா மறு ஆட்டமே இல்ல. பன்னெண்டு வருஷமா நீங்க அந்த மனுஷன் பேர வெச்சு கத்தினீங்க, நான் கேட்டுக்கிட்டு பை வித்தேன். விதியப் பத்தி எனக்கு ஒண்ணுதான் தெரியும். சமமா முடிஞ்சா அன்னிக்கே முடிச்சிடுங்க. யாரையும் ஒரு வாரம் காக்க வைக்காதீங்க.”

 பிறகு பின்னாலிருந்து ஒரு யரண்டூக் கிழவர், “பாவி! அவன் லாரிக் கதவ நான்தானடி துடைச்சுக் குடுத்தேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மெர்வ் என் கண்ணைப் பார்க்காமல், “இதுக்கும் விதிக்கும் சம்பந்தமில்ல, ஓட்டுக்குப் போவோம்” என்றார். ஐந்துக்கு மூன்று. மறு ஆட்டம் போயிற்று. நம் கிளப் அப்போதும் மறு ஆட்டத்துக்குத்தான் போட்டது. வெளியே வரும்போது கூப்பர் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நேற்று ஆட்டத்துக்குப் போனேன். என் இடத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று வண்டி நிற்கிற அளவுக்குக் காலி.

அத்தானைப் பார்த்துக்கொள்.

நோரீன்


ஜெரால்ட்டன்
8 செப்டம்பர் 1996

நோரீனுக்கு,

கிளாரி இருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். டாக்டர் இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

உன் கடிதத்தை ஒரு வாரம் சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன். பிறகு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே கையைத் தூக்கி, “தெரியும்டி” என்றார்.

“என்ன தெரியும்?”

“நான் அந்தப் பக்கம்தான லாரிய நிறுத்தியிருந்தேன். அவ கை போனதப் பார்த்தேன்.”

“பார்த்துட்டா பன்னெண்டு வருஷம் வாய மூடிட்டு இருந்தீங்க?”

“மொதல்ல சும்மா விட்டேன். அவளே சொல்லுவான்னு. அஞ்சாம் நாள் புள்ள செத்துப் போச்சு. அதுக்கப்புறம் எப்படிடி? ஏற்கெனவே தூக்க முடியாம நிக்கிறவ தலையில அதையும் எடுத்து வைக்கச் சொல்றியா? என் தலைதான் சும்மா இருந்துச்சே.”

நோரீன், அவர் உன்னை மன்னித்துவிட்டார் என்றுகூட எழுத முடியவில்லை. கோபமே இல்லாதவர் எதை மன்னிப்பார்? ஆனால் நான் அவர் இல்லை. என் வீட்டை, என் கோழிகளை, என் அம்மா கல்லறையை விட்டுவிட்டு வந்தேன். நீங்கள் மூன்று பேரும் தெரிந்து வைத்திருந்தீர்கள். எனக்கு மட்டும் தெரியாது. உன்மேலும் கோபம், அவர்மேலும் கோபம். அவர்மேல் கோபப்பட நேரம் இல்லாததால் அதையும் சேர்த்து உன்மேல் வைத்திருக்கிறேன். அது தீர நாளாகும். தீரும் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

மண்டபத்தில் நீ சொன்னதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு ஒரு வேலை சொல்லியிருக்கிறார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “இறுதி ஆட்டத்தன்னிக்கு அந்த ஒயர மாட்டச் சொல்லு. சங்கு ஊதி முடிச்சப்புறம் ஒரு தடவை அடிக்கட்டும். அந்த ஹாரனுக்கும் நேரம்னா என்னன்னு தெரிய வேணாமா?”

அங்கே ஆட்டம் முடிகிற ஐந்து மணி என்றால் இங்கே மூன்று. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொல்கிறார்.

ஐரிஸ்


கார்வின்
22 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு,

இது போய்ச் சேரும்போது இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் நலம்.

நேற்று இறுதி ஆட்டம் நம் மைதானத்தில். நமக்கும் யரண்டூவுக்கும். வருஷம் பூராவும் சமமானால் என்ன, சமமானால் என்ன என்று அடித்துக்கொண்டார்களே, கடைசியில் யரண்டூ முப்பத்தொரு புள்ளியில் ஜெயித்தது. ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியிலேயே பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

காலையில் கூப்பர் வந்து ஒயரை மாட்டினான். உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. சுரண்டிக்கொண்டே, “இது இத்தன வருஷமா செத்துக் கிடக்குதேக்கா. வியாழக்கிழமை கேக்குதுங்கிறீங்களே, எப்படிக் கேக்கும்?” என்றான். எனக்குத் தெரியாது என்றேன். அவன் அழுத்திப் பார்க்கப் போனான். வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டேன்.

என் பக்கத்தில் யாரும் வண்டி நிறுத்தவில்லை. அரை நேரத்தில் மெர்வ் மனைவி டாட் ஒரு தட்டு லாமிங்டன் கேக்கைக் கொண்டுவந்து வண்டி மூடிமேல் வைத்துவிட்டுப் போனாள். தட்டைத் திரும்பக் கேட்கவில்லை.

கடைசி ஐந்து நிமிஷம் நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அக்கா. வடக்கு கோலுக்கு முன்னால் வெறும் புல் கிடந்தது. பந்து அந்தக் கோடியில். இந்தப் பக்கம் யாரும் இல்லை, ஆனால் யாரோ ஓடி வருவது மாதிரியே இருந்தது. என்னைப் பார்த்து ஓடி வருவது மாதிரி. கையை மடியில் வைத்து இன்னொரு கையால் அழுத்திக்கொண்டேன்.

சங்கு ஊதியது. யரண்டூக்காரர்கள் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். சங்கு அடங்குகிற வரைக்கும் காத்திருந்தேன். கடைசி இழை காற்றில் கரைகிற வரைக்கும். அப்புறம் அழுத்தினேன்.

அதே குரல், அத்தான். ஒரு மாற்றமும் இல்லை.

ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். மைதானம் முழுக்கத் திரும்பி, எந்த வண்டி, யார் என்று பார்த்தது. எல்லாரும் பார்த்தார்கள். நான் கையை எடுக்கவில்லை.

உங்கள்,
நோரீன்